காலேஜ் பசங்களுக்கு கிரெடிட் கார்டு: ஒரு மூன்றரை வட்டிக் கணக்கு

காலேஜ் போகிற பசங்க கையில் கிரெடிட் கார்டு இருக்கலாமா? எங்கள் சொசைட்டியில் கொஞ்ச நாளாக இதே பேச்சுதான். சான்பாடாவில் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. அதில் பாதிப் பேரின் பிள்ளைகள் இப்போது காலேஜில். நெருல், வாஷி, பேலாப்பூர் என்று தினமும் லோக்கலில் போய்வருகிறவர்கள் ஒரு ரகம். புனே, மணிபால், வேலூர் என்று ஹாஸ்டலில் போய் உட்கார்ந்தவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தின் அப்பா அம்மாக்களுக்குத்தான் கவலை ஜாஸ்தி. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு அவசரம் என்றால் பிள்ளை என்ன செய்யும்? கையில் ஒரு கார்டு இருந்தால் தேவலை இல்லையா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொந்தமாக ஏதாவது வருமானம் இருக்கிற பிள்ளைக்கு, அது மாதம் ஐயாயிரமோ ஆறாயிரமோ, சின்ன லிமிட்டில் ஒரு கார்டு இருக்கலாம். வருமானமே இல்லாத பிள்ளைக்கு வேண்டாம். அப்படிக் கொடுத்தால் அது அப்பாவின் கடன், பெயர் மட்டும்தான் பிள்ளையுடையது. தங்கமணியின் கட்சி வேறு: எந்தப் பிள்ளைக்கும் எந்தக் கார்டும் வேண்டாம். பையன் கட்சி என்ன என்று நான் சொல்லவே வேண்டியதில்லை :-)

இதில் என் சொந்த மூளை ஒன்றும் இல்லை. ரிசர்வ் வங்கி 2005 நவம்பரில் கிரெடிட் கார்டுகளுக்கு என்று விதிகள் போட்டபோதே மாணவர்களைத் தனியாகக் குறிப்பிட்டுவிட்டது. மாணவர்களுக்கும், சொந்தமாகப் பணவசதி இல்லாத மற்றவர்களுக்கும் கார்டு கொடுக்கும்போது, கொடுத்த கடன் திரும்ப வருமா என்று வங்கிகள் குறிப்பாகப் பார்க்க வேண்டும் என்றது. அப்பா கார்டுக்குத் துணையாக ஆட்-ஆன் கார்டு கொடுத்தால், பொறுப்பு மூலக் கார்டு வைத்திருப்பவருடையது என்பதையும் தெளிவாக்கச் சொன்னது. 2022-ல் வந்த விதித்தொகுப்பிலும் விண்ணப்பிக்கிறவரின் சொந்த வசதியைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது.

சட்டம் கேட்பது வயது மட்டும்தான். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி மைனர் ஒப்பந்தம் போட முடியாது. மைனர் எழுதிக்கொடுத்த அடமானம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று 1903-ல் மொஹரி பீபி வழக்கில் பிரிவி கவுன்சில் சொல்லிவிட்டது. சட்டக் கல்லூரியில் முதல் வருஷமே படிக்கிற வழக்கு. ஆக, பதினெட்டாவது பிறந்தநாள் கேக் வெட்டுகிற வரைக்கும் பிள்ளைக்குச் சட்டமே காவல். மறுநாளிலிருந்து யாரும் இல்லை, நாம்தான்.

இங்கே மும்பையில் கார்டு விற்கிறவர்கள் நிற்காத இடம் கிடையாது. மால் வாசல், பெட்ரோல் பங்க், ஆபீஸ் கேன்டீன் பக்கத்தில் ஒரு மேஜை, மேஜைக்கு மேல் ஒரு குடை. 2000-க்குப் பிறகு வந்த அந்த 'லைஃப் டைம் ஃப்ரீ' காலத்தை நேரில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். போன் அடித்துக்கொண்டே இருக்கும், வேண்டாம் என்றாலும் கார்டு கூரியரில் வந்து விழும். 2008 மார்ச்சில் நாட்டில் சுமார் 2.75 கோடி கார்டுகள் இருந்தன. பணம் திரும்பாமல் வங்கிகள் கையைச் சுட்டுக்கொண்டதில், 2011 மார்ச்சில் அது 1.8 கோடியாகச் சுருங்கிவிட்டது. அதற்கப்புறம் மெதுவாக ஏறி 2024 பிப்ரவரியில் பத்துக் கோடியைத் தாண்டியது. கேட்காத கார்டை அனுப்பக் கூடாது, மீறி அனுப்பி பில் போட்டால் அந்தத் தொகையைத் திருப்பித் தருவதோடு இரண்டு மடங்கு அபராதமும் தர வேண்டும் என்று விதி இருக்கிறது. அதனால் இப்போது ஆசையாகக் கேட்க வைக்கிறார்கள். ஒரு முதுகுப்பை, ஒரு சினிமா டிக்கெட், ஏர்போர்ட் லவுஞ்ச். காலேஜ் பையன் ஏர்போர்ட் லவுஞ்சில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டு என்ன ஆகப்போகிறது என்று கேட்டால் நமக்கு விவரம் தெரியாது என்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். கார்டின் வட்டி என்ன? பெரும்பாலான கார்டுகளில் மாதம் மூன்றரை சதவீதம், சிலவற்றில் மூன்றே முக்கால். பசங்க இதை 'த்ரீ பாயின்ட் ஃபைவ் பர்சென்ட்' என்று படிக்கிறார்கள். ஃபிக்ஸட் டெபாசிட்டுக்கு ஏழு, வீட்டுக்கடனுக்கு எட்டு ஒன்பது என்று காதில் விழுந்து பழகியவர்களுக்கு மூன்றரை ரொம்பக் கம்மியாகத் தெரிகிறது. இதையே நம்ம ஊர்ப் பேச்சில் சொல்லிப் பாருங்கள். நூறு ரூபாய்க்கு மாதம் மூன்றரை ரூபாய். அதாவது 'மூன்றரை வட்டி'. 'ரெண்டு வட்டிக்கு வாங்கியிருக்கான்' என்றாலே நம் பாட்டிகள் உச்சுக்கொட்டுவார்கள். 'மூணு வட்டி' என்றால், அந்த வீட்டில் ஏதோ கஷ்டம் என்று ஊருக்கே புரிந்துவிடும். மூன்றரை வட்டி என்பது வருஷத்துக்கு 42 சதவீதம். அந்த வட்டிக்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. வட்டிக்கு வரி போடுகிற யோசனை எந்த வட்டிக்கடைக்காரருக்கும் வந்திருக்காது.

ஒரு கணக்கு போடுவோம். பையன் இருபதாயிரம் ரூபாய்க்கு போன் வாங்குகிறான். பில் வருகிறது. பில்லில் இரண்டு எண்கள் இருக்கும். மொத்தம் இவ்வளவு, குறைந்தபட்சம் இவ்வளவு. குறைந்தபட்சம் என்பது பொதுவாக ஐந்து சதவீதத்தை ஒட்டி இருக்கும் (வங்கிக்கு வங்கி கொஞ்சம் மாறும்). பையன் அதை மட்டும் கட்டுகிறான், புதிதாக எதுவும் வாங்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்தில் வட்டி 700, அதற்கு ஜிஎஸ்டி 126. கடன் 20,826 ஆகிறது. அதில் ஐந்து சதவீதம், 1,041 ரூபாய் கட்டுகிறான். மிச்சக் கடன் 19,785. ஆயிரத்துச் சொச்சம் கட்டி அசலில் குறைந்தது 215 ரூபாய். இப்படியே ஒரு வருஷம் ஒரு மாதம் தவறாமல் கட்டினால், கட்டிய பணம் கிட்டத்தட்ட 11,800. கடன் இன்னும் 17,500-க்கு மேல் நிற்கும். போனின் ஸ்க்ரீன் அதற்குள் உடைந்திருக்கும்.

இன்னொன்று பசங்களுக்குத் தெரிவதே இல்லை. பில்லை முழுசாகக் கட்டாவிட்டால் 'நாற்பத்தைந்து நாள் வட்டியில்லை' என்ற சலுகை பெரும்பாலும் போய்விடும். வாங்கிய தேதியிலிருந்து வட்டி எண்ணுவார்கள். பழைய பாக்கி தீருகிற வரை, இன்றைக்குத் தேய்க்கிற வடா பாவுக்கும் இன்றிலிருந்தே வட்டி. ஏடிஎம்மில் கார்டைப் போட்டுப் பணம் எடுத்தால் இன்னும் மோசம், முதல் நாளிலிருந்து வட்டியோடு தனிக் கட்டணமும் உண்டு.

இந்த ஊருக்கு இப்படிப்பட்ட வட்டி புதிது அல்ல. பம்பாய் மில் தொழிலாளிகள் பட்டாணியர்களிடம் ரூபாய்க்கு மாதம் ஓரணா வட்டியில் வாங்குவார்கள். ஓரணா என்றால் ஆறேகால் வட்டி. சம்பள நாளன்று மில் வாசலில் தடியோடு நிற்பார்கள். 1931-ல் விட்லி கமிஷன் தன் அறிக்கையில், கடன் வசூலிக்க ஆலை வாசலில் காத்து நிற்பதையே குற்றமாக்கலாம் என்று சிபாரிசு செய்யும் அளவுக்குத் தொல்லை. தமிழ்நாட்டில் 2003-ல் கந்துவட்டிக்கு எதிராகத் தனிச் சட்டமே போட்டார்கள். கார்டு வட்டி மட்டும் ஏன் மாட்டவில்லை என்று கேட்டால், வங்கி வாங்குகிற வட்டி அதிகம் என்பதற்காக நீதிமன்றம் அந்தக் கணக்கைத் திறக்கக் கூடாது என்று வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 21-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1984-ல் சேர்த்தது.

ஒரே ஒருமுறை கடிவாளம் விழுந்தது. 2008 ஜூலையில் தேசிய நுகர்வோர் ஆணையம், கார்டு பாக்கிக்கு வருஷம் 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று தீர்ப்பு சொன்னது. ஆவாஸ் என்கிற அமைப்பு தொடுத்த வழக்கு. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருஷம் கழித்து, 2024 டிசம்பர் 20-ம் தேதி, உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. வட்டிக்கு உச்சவரம்பு வைப்பது ரிசர்வ் வங்கியின் வேலை, நுகர்வோர் ஆணையத்தின் வேலை அல்ல என்பது சாராம்சம். அதனால், அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்துக் கார்டு வாங்கிக் கொடுக்கிறவர்கள் இன்னொரு முறை யோசிக்கலாம்.

ஜுயிநகரில் எனக்கு ஒரு அண்ணாச்சியைத் தெரியும். தூத்துக்குடிப் பக்கம். முப்பது வருஷமாக வாஷி மார்க்கெட்டில் ஒரு லாரி ஆபீஸில் கணக்கு எழுதுகிறார். பையன் புனேயில் இன்ஜினியரிங். மூன்றாம் வருஷம் ஆறு மாதம் இன்டர்ன்ஷிப், மாதம் பதினெட்டாயிரம் கொடுத்தார்கள். அக்கவுண்டில் மூன்று மாதம் பணம் விழுந்ததைப் பார்த்ததும் ஒரு வங்கி அவனைக் கூப்பிட்டு அறுபதாயிரம் லிமிட்டில் கார்டு கொடுத்துவிட்டது. இன்டர்ன்ஷிப் டிசம்பரில் முடிந்தது. கார்டு முடியவில்லை.

பையன் குடிகாரனும் இல்லை, சூதாடியும் இல்லை. நடந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். எட்டுப் பேர் கோவா போகிறார்கள். 'உன்கிட்ட கார்டு இருக்கில்ல, நீ போட்டுடு, நாங்க அனுப்பிடறோம்.' இவன் ரூமுக்கும் பஸ்ஸுக்கும் தேய்த்தான். நண்பர்களும் யோக்கியமானவர்கள்தான், அவரவர் பங்கை அன்றைக்கே யுபிஐயில் அனுப்பிவிட்டார்கள். பணம் இவன் அக்கவுண்டில் வந்து உட்கார்ந்தது. பில் வர இன்னும் இருபத்தைந்து நாள் இருக்கிறது. அக்கவுண்டில் இருக்கிற பணம் யாருடையது என்று பணத்தில் எழுதியா இருக்கிறது? டீ, ஆட்டோ, மெஸ், ஒரு ஜோடி ஷூ என்று கரைந்துவிட்டது. பில் வந்த அன்று அக்கவுண்டில் நாலாயிரமோ என்னமோ இருந்தது. குறைந்தபட்சம் கட்டினான். அடுத்த மாதமும் அதேதான். ஆறாவது மாதம் அதைக் கட்டுவதற்கு ஒரு லோன் ஆப்பில் எட்டாயிரம் வாங்கினான். அந்த எட்டாயிரத்தைக் கட்ட இன்னொரு ஆப்.

வீட்டில் மூச்சு விடவில்லை. தீபாவளிக்கு வந்தபோது அம்மாவுக்குப் புடவை வேறு எடுத்து வந்திருக்கிறான் (கார்டில்தான்).

அண்ணாச்சிக்கு விஷயம் தெரிந்தது வசூல்காரர் மூலமாக. மார்க்கெட் ஆபீஸுக்கே போன். 'உங்க பையன் உங்க நம்பரைத்தான் கொடுத்திருக்கார், எப்ப கட்டறீங்க?' என்று ஆரம்பித்து, பக்கத்து மேஜைக்குக் கேட்கிற குரலில் பேசியிருக்கிறார்கள். வீட்டுக்கு ராத்திரி ஒன்பதரைக்கும் போன். கடன் வசூலிக்கிறவர்கள் காலை 8-க்கு முன்பும் மாலை 7-க்குப் பின்பும் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடன் வாங்கியவரின் குடும்பத்தார், நண்பர்களின் அந்தரங்கத்தில் தலையிடக் கூடாது என்றும் விதி. இதெல்லாம் மீறினால் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். அண்ணாச்சிக்கு அதெல்லாம் தெரியாது, தெரிந்துகொள்கிற நிலையிலும் இல்லை. மானம் போச்சே என்று உட்கார்ந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பையன் தலையைக் குனிந்துகொண்டு லேப்டாப்பில் கணக்குக் காட்டினான். கார்டில் 71 ஆயிரம், ஆப்புகளில் 22 ஆயிரம். அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி, 'என்ன வட்டி?'

'த்ரீ பாயின்ட் ஃபைவ் பர்சென்ட்ப்பா.'

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. 'அட, மூன்றரைதானா? அது கம்மிதானடா, கட்டிறலாம்.'

'இல்லப்பா. மாசத்துக்கு.'

அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, 'மூன்றரை வட்டியா தம்பி? பேங்குலயா?' என்றார். அவருக்கு நம்ப முடியவில்லை. முப்பது வருஷம் கணக்கு எழுதினவர். ஊரில் மீட்டர் வட்டியில் சொந்த மாமன் வீடு போனதைப் பார்த்தவர். அவருக்குப் புரிந்த பாஷையில் பையன் ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் முதல் மாதமே அடைத்திருப்பார். பையனுக்கோ 'இன்ட்ரஸ்ட்' என்ற வார்த்தையில் எந்த வாடையும் இல்லை. அவன் மும்பையில் பிறந்து, இங்கிலீஷில் படித்து, இந்தியில் விளையாடியவன். வட்டி என்ற வார்த்தை அவன் காதில் விழுந்ததெல்லாம் அம்மா போனில் ஊர்க்கதை பேசும்போது மட்டும்தான்.

அண்ணாச்சி செய்த காரியம் எனக்கு ரொம்பப் பிடித்தது. திட்டவில்லை. மறுநாள் காலையிலேயே மனைவியின் வளையலையும் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனார். நகைக்கடன் வருஷத்துக்கு பத்து சதவீதத்துக்குள், அதாவது முக்கால் வட்டிச் சொச்சம். அதை வாங்கி மூன்றரை வட்டியை ஒரே நாளில் அடைத்து, கார்டையும் மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தார். (பாக்கி இல்லாத கார்டை மூடக் கேட்டால் ஏழு வேலை நாளில் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் தர வேண்டும் என்பதும் 2022 விதிதான். இது பலருக்குத் தெரியாது.) அந்த அக்காவின் வெறும் கையைப் பார்க்கத்தான் ஒருமாதிரி இருந்தது. பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்த சமயம் அது.

பணத்தோடு போனால் பரவாயில்லை. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த ஒரு தீர்ப்பைப் பிள்ளைகளிடம் படித்துக் காட்டலாம். ஸ்டேட் வங்கியில் அதிகாரி வேலைக்குத் தேர்வான ஒருவருக்கு, சிபில் அறிக்கையில் கடன் தவறிய பதிவு இருந்ததால் வங்கி நியமனத்தை ரத்து செய்தது. அவர் வழக்குப் போட்டார். பொதுமக்கள் பணத்தைக் கையாள்கிற வேலைக்கு இப்படி ஒரு நிபந்தனை வைத்தது சரிதான் என்று நீதிமன்றம் வங்கி பக்கம் தீர்ப்பளித்தது. நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பேங்க் எக்ஸாமுக்குப் படிக்கின்றன! இரண்டாம் வருஷத்தில் கட்டாமல் விட்ட மூவாயிரம் ரூபாய் பாக்கி, வேலைக்கு ஆர்டர் வருகிற அன்று எதிரே வந்து நிற்கலாம்.

இதற்கு நேர் எதிராக ஒரு வாதம் உண்டு. அதை விற்கிறவர்களும் சொல்கிறார்கள், பையன்களும் சொல்கிறார்கள். 'இப்பவே கார்டு வாங்கினாத்தான் ஸ்கோர் வளரும். நாளைக்கு வீட்டுக்கடன் கேக்கும்போது தெரியும்.' இதில் பாதி உண்மை. ஒழுங்காகக் கட்டின சரித்திரம் இருந்தால் ஸ்கோர் வளரத்தான் செய்யும். ஆனால் அதற்கு இருபத்தைந்து வயதில் வாங்கப்போகிற முதல் சம்பளக் கார்டு போதும், பத்தொன்பதில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. கல்விக்கடன் வாங்கிய பிள்ளைக்கு ஏற்கெனவே சரித்திரம் எழுத ஆரம்பித்தாகிவிட்டது. அதோடு, முதல்முறை கடன் கேட்கிறவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருப்பதை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே எடுத்துச் சொன்னது. அமெரிக்காவுக்கு எம்எஸ் போகப்போகிறான், அதற்கு ஸ்கோர் வேண்டும் என்கிற அப்பாக்களுக்கு ஒரு தகவல்: இங்கத்திய சிபில் ஸ்கோரை அந்த ஊர்க் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். அங்கே போய் பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. அங்கே ஒரு காலத்தில் காலேஜுக்குள்ளேயே மேஜை போட்டு, பீட்சாவும் டி-ஷர்ட்டும் கொடுத்துக் கார்டு விற்றார்கள். கல்விக்கடன் கொடுக்கிற சாலி மே நிறுவனம் 2009-ல் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டது. இளங்கலை மாணவர்களில் 84 சதவீதம் பேரிடம் கார்டு, ஆளுக்குச் சராசரி 4.6 கார்டு, சராசரி பாக்கி 3,173 டாலர். அதே வருஷம் மே மாதம் ஒபாமா கையெழுத்துப் போட்ட சட்டத்தில், 21 வயது ஆகாதவருக்குக் கார்டு வேண்டும் என்றால் சொந்த வருமானம் காட்ட வேண்டும் அல்லது பெரியவர் ஒருவர் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆக்கினார்கள். கேம்பஸில் இலவசப் பொருள் காட்டி இழுப்பதற்கும் தடை. மலேசியாவில் மூலக் கார்டுக்கு 21 வயதும், 2011-லிருந்து வருஷம் 24,000 ரிங்கிட் வருமானமும் வேண்டும் என்று வைத்தார்கள். சிங்கப்பூரில் வருமானம் இல்லாத மாணவனுக்குத் தருகிற கார்டின் லிமிட் 500 வெள்ளி. எனக்கு இதில் சிங்கப்பூர் வழிதான் பிடிக்கிறது. தடுக்கி விழுந்தாலும் முழங்கால் சிராய்ப்போடு போய்விடும்.

தங்கமணி சொல்கிறபடி ஒட்டுமொத்தமாகக் கதவை மூடினால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவைப் பார்க்கலாம். 2009-ல் அங்கே மாணவர்களுக்குக் கார்டு கொடுப்பதைக் கடுமையாக இறுக்கினார்கள், வங்கிகள் அந்தப் பக்கமிருந்தே விலகின. அந்த இடத்தில் 'கேம்பஸ் லோன்' என்று ஆன்லைன் கடன்காரர்கள் புகுந்தார்கள். 2016-ல் பெண் பிள்ளைகளிடம் நிர்வாணப் படத்தை அடமானமாகக் கேட்டு வாங்கிய அசிங்கம் வரை போனது. 2017-ல் அதையும் தடை செய்தார்கள். இங்கே 2020-ல் தெலங்கானாவில் லோன் ஆப்காரர்களின் மிரட்டல் தாங்காமல் தற்கொலைகள் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அண்ணாச்சி பையனைக் கடைசியில் நசுக்கியதும் ஆப்தான். வாசல் கதவைச் சாத்தினால் பின் கதவு இதுதான் என்பதை நான் வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தங்கமணி பதில்: 'அப்ப ரெண்டு கதவையும் சாத்துங்க.'

வருமானம் இல்லாத பிள்ளைக்கு அவசரத்துக்கு என்ன வழி? கிரெடிட் கார்டுதான் வேண்டும் என்பதே இல்லை. 2024-ல் யுபிஐ சர்க்கிள் என்று ஒன்று வந்தது. நம் அக்கவுண்டிலிருந்து பிள்ளை செலவு செய்யலாம், மாதம் 15,000 வரை, ஒரு தடவைக்கு 5,000 வரை என்று வரம்பு வைத்து ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு செலவுக்கும் நம்மைக் கேட்கிற மாதிரியும் வைத்துக்கொள்ளலாம். கடன் என்பதே இதில் கிடையாது. ஆஸ்பத்திரி மாதிரிப் பெரிய அவசரத்துக்கு அப்பா கார்டில் ஒரு ஆட்-ஆன், அதற்குத் தனி லிமிட். பொறுப்பு நம்முடையது என்பது நமக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும், மெசேஜ் நம் போனுக்கு வரும். ஒளித்து வைக்க வழியில்லாத கார்டு என்பதே அதன் பெரிய குணம்.

பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம் என்று ஒரு இடைச்செருகல். எங்கள் மாடியில் இருக்கிற பெங்காலிக்காரர் 'எங்க ஊர்ல கவர்ன்மென்ட்டே ஸ்டூடன்ட் கிரெடிட் கார்டு தருது, பத்து லட்சம்' என்றதும் கூட்டத்தில் ஒரே பரபரப்பு. அது கல்விக்கடன், தேய்க்கிற கார்டு அல்ல. மேற்கு வங்கம் 2021 ஜூனில் தொடங்கியது, நான்கு சதவீத சாதாரண வட்டி. பீகார் 2016-லேயே நான்கு லட்சம் வரைக்கும் தொடங்கிவிட்டது. கார்டு என்று பெயர் வைத்த அதிகாரி யாரோ, ஊரெல்லாம் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் பையன் இரண்டாம் வருஷம். சொசைட்டியிலேயே எட்டாவது படிக்கிற இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறான், மாதம் ஆறாயிரம். அந்தப் பணத்தில் அவனே சேர்த்த பதினைந்தாயிரத்தை டெபாசிட் போட்டு, அதன் மேல் ஒரு கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாகியிருக்கிறது. வீட்டில் இரண்டு நாள் சமையல் சத்தத்தோடு நடந்தது, அது தனிக்கதை. டெபாசிட் கார்டு என்றால் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பில் கட்டாவிட்டால் பல கார்டுகளில் அதே மூன்றரை வட்டிதான், டெபாசிட்டுக்குக் கிடைப்பதோ வருஷத்துக்கு ஏழு. ஒரே ஒரு வித்தியாசம், நஷ்டம் பதினைந்தாயிரத்தைச் சுற்றியே நின்றுவிடும், அம்மாவின் வளையல் வரைக்கும் போகாது.

ஃபார்மில் தானாகப் பணம் எடுக்கிற இடத்தில் 'குறைந்தபட்சம்', 'மொத்தம்' என்று இரண்டு கட்டம் இருந்தது. மொத்தத்தில் டிக் அடித்தோம். வெளிநாட்டுச் செலவை ஆப்பில் அணைத்துவைத்தான், ஏடிஎம்மில் பணம் எடுக்கிற லிமிட்டைப் பூஜ்யமாக்கினான். நண்பர்களுக்காகத் தேய்த்தால், அவர்கள் அனுப்புகிற பணத்தை அன்றைக்கே கார்டில் கட்டிவிட வேண்டும் என்பது அண்ணாச்சி பையன் சொல்லிக்கொடுத்தது. அவன் இப்போது வேலையில் இருக்கிறான், முதல் காரியமாக வளையலை மீட்டுவிட்டான். ஸ்டேட்மென்ட் பையன் மெயிலுக்கும் என் மெயிலுக்கும் வரும். வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் வைத்து அவன் தமிழில் படிக்க வேண்டும், வட்டி என்ற இடத்தில் வட்டி என்றே. இது தங்கமணி போட்ட நிபந்தனை. முதல் பில் வருகிற பதினெட்டாம் தேதி.